நாற்பத்தைந்தாம் நம்பர் சாலை எங்கே போனது?

தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சிகளுக்குக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு, காலாப்பட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

அன்புள்ள கேள்வி ஆசிரியர்களுக்கு,

உங்கள் முகம் எங்களுக்குத் தெரியாது. மேடையில் நிற்பவரைத் தெரியும், எதிரே நாற்காலியில் உட்கார்ந்து வியர்க்கிறவரையும் தெரியும். நீங்கள் மட்டும் நிகழ்ச்சி முடிந்தபின் வேகமாக ஓடும் பெயர்ப் பட்டியலில் இரண்டு நொடி வந்து போகிறீர்கள். அந்த இரண்டு நொடியில் உங்கள் பெயரைப் படித்துவிடப் பார்க்கிற ஆள் நான். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

புதுச்சேரியைச் சேர்ந்த காலாப்பட்டில், ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மாடி அறையில், மாலை நேரத்தில் பொது அறிவு வகுப்பு எடுக்கிறேன். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் துப்புரவு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், டீக்கடைக்காரர் மகன், லாரி ஓட்டுநர் மகள். ஜன்னலைத் திறந்து வைத்தால் பஸ் ஹாரன் பாடத்தை விழுங்கிவிடும், சாத்தினால் புழுங்கும். அறையில் ஒரு பழைய டி.வி. இருக்கிறது. வினாடி வினா வரும் நேரத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எல்லோரும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சியில், சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையின் எண் என்ன என்று கேட்டார்கள். நிகழ்ச்சியின் பெயர் இங்கே வேண்டாம். பின்னால் நான் பெயர் சொல்லிப் பாராட்டப்போகிறவற்றில் அது இல்லை. கொடுத்த விடைகள் 4, 7, 45, 47. போட்டியாளர் 45 என்றார். விளக்கு பச்சையானது, கைதட்டல் எழுந்தது. என் வகுப்பிலும் கைதட்டினார்கள். அந்த லாரி ஓட்டுநர் மகள் மட்டும் கை தட்டாமல், "சார், அதுல பதிலே இல்லியே சார்" என்றாள்.

நான் முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டேன். அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகமும் 45 என்றுதான் சொன்னது. அவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். லோடு இறக்கக் காத்துக்கொண்டிருந்தவர் உடனே எடுத்தார். ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பேச்சுக்கு நாங்க இன்னும் நாப்பத்தஞ்சுன்னுதாம்மா சொல்றது. ஜி.எஸ்.டி. ரோடுன்னும் சொல்லுவோம். போர்டுல அந்த நம்பர் போயி வருஷமாச்சே. திண்டிவனம் வரைக்கும் முப்பத்திரண்டு. அங்கேர்ந்து விழுப்புரம் நூத்தி முப்பத்திரண்டு. அப்புறம் திருச்சி வரைக்கும் முப்பத்தெட்டு. என்னா, யாராவது பந்தயம் கட்டினாங்களா?"

அறை அமைதியாகிவிட்டது. ஒரு சாலைக்கு மூன்று எண். நான்கு விடைகளில் ஒன்றுகூட அவர் சொன்னதில் இல்லை. அந்தப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். தெரிந்த விடையை வைத்துக்கொண்டு திரையில் அதைத் தேடியிருப்பாள். இல்லாததால் தன்மேலேயே சந்தேகம் வந்து, பாதியில் விளையாட்டை விட்டு எழுந்திருப்பாள்.

நடந்தது உங்களுக்கே தெரிந்திருக்கும். 2010-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளுக்கெல்லாம் எண்ணை மாற்றியது. பெயர்ப்பலகைகள் மெல்ல மெல்ல மாறின. வழிகாட்டிப் புத்தகங்கள் அதைவிட மெல்ல மாறுகின்றன, சில இன்னும் மாறவில்லை. அவற்றிலிருந்து கேள்வி எடுக்கிற நிகழ்ச்சிகளும் அப்படியே நின்றுவிட்டன. இந்தியாவின் மிக நீளமான நெடுஞ்சாலை எது என்ற கேள்விக்கு வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை போகும் 7 என்றும், 2,369 கிலோமீட்டர் என்றும் என் தலைமுறை மனப்பாடம் செய்தது. இன்றைக்கு 7 என்ற எண் பஞ்சாபின் பாசில்காவிலிருந்து உத்தராகண்டின் மானா வரை போகிற வேறொரு சாலையுடையது. நாம் படித்த அந்தப் பழைய 7-இன் தென்பகுதி, ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44-க்குள் கரைந்துவிட்டது. மிகக் குறுகியது எது என்றால் கொச்சியில் குண்டனூரிலிருந்து வெல்லிங்டன் தீவுக்குப் போகும் 47ஏ என்று விரல்நுனியில் வைத்திருந்தோம். அதன் பெயர் இப்போது 966பி.

நண்பர்களே, தவறு யாருக்கும் வரும். ஒரு தப்பான கேள்விக்காக இவ்வளவு நீளமான கடிதம் எழுதுவேனா? எனக்கு வருத்தம் வேறு இடத்தில். எண்கள் மாறியதில் ஒரு பெரிய அழகு வந்து சேர்ந்தது, அதை யாருமே கேள்வியாக்கவில்லை.

பழைய எண்களில் வெளியாள் கண்டுபிடிக்கிற மாதிரி ஒழுங்கு கிடையாது. மனப்பாடம் ஒன்றே வழி. புதிய எண்களுக்கு இலக்கணம் உண்டு. வடக்கு தெற்காக ஓடுகிற பெரிய சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் ஏறும். கிழக்கு மேற்காக ஓடுகிறவற்றுக்கு ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே வரவர எண் ஏறும். காஷ்மீரில் உரியிலிருந்து லே வரை போவது 1. ராமேசுவரத் தீவின் மணலில் போய் முடிவது 87. மூன்று இலக்கம் வந்தால் கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை, முன்னால் நிற்பது எத்தனையாவது கிளை என்பது. 132 என்றால் 32-இன் முதல் கிளை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிறது 332, மூன்றாவது கிளை. மாமல்லபுரத்திலிருந்து மரக்காணம் வழியாக எங்கள் ஊருக்குள் நுழைந்து புதுச்சேரி போகிற ஈ.சி.ஆர். பகுதி, மாநில நெடுஞ்சாலை 49-ஆக இருந்தது, தேசிய நெடுஞ்சாலைப் பட்டியலில் 332ஏ ஆனது. எங்கள் வாசலில் ஓடும் சாலையின் எண்ணுக்குள்ளேயே அதன் தாயின் பெயர் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து சாலையைப் பார்த்தான். தினமும் பார்க்கிற சாலைதான்.

மறுநாள் கரும்பலகையில் இந்த இலக்கணத்தை எழுதிப் போட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டேன். பழைய 4 மும்பையிலிருந்து புனே, பெங்களூரு வழியாகச் சென்னைக்கு வந்துகொண்டிருந்தது. வேலூர்ப் பக்கம் ரோட்டோரக் கடைக்காரர்கள் இன்னும் அதை அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சாலை இப்போது டெல்லியிலிருந்து வருகிற 48-இன் பகுதி. அப்படியென்றால் புதிய 4 எங்கே இருக்கும்?

யாருக்கும் விடை தெரியாது. தெரியாதது நல்லதாகப் போயிற்று. இரட்டைப்படை, அதனால் வடக்கு தெற்கு என்றான் ஒருவன். ரொம்பச் சின்ன எண், அதனால் கிழக்கே கடைசியில் என்றாள் இன்னொருத்தி. அஸ்ஸாமா, மிசோரமா என்று பேச்சு போனது. அந்தப் பக்கம் 2 இருக்கிறது என்றேன். டீக்கடைக்காரர் மகன் வரைபடத்தின் முன் நின்றுகொண்டு விரலால் கீழே கடலுக்குள் இறங்கினான். "சார், இந்தத் தீவுல ரோடு இருக்குமா?"

இருக்கிறது. அந்தமான் பெருஞ்சாலைதான் இன்றைய தேசிய நெடுஞ்சாலை 4. தெற்கிலிருந்து வடக்கே திக்லிப்பூர் வரை தீவு தீவாகத் தாவிப் போகிறது. பெருநிலத்தின் எந்தச் சாலையோடும் ஒட்டாத சாலை. ஒரு தகவலும் கையில் இல்லாமல், வெறும் யோசனையாலே அந்தப் பையன் அங்கே போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கோடிக்கான கேள்விக்கு இதைவிட நல்ல முகபாவம் உங்கள் கேமராவுக்குக் கிடைக்காது.

இன்னொன்று சொல்கிறேன், இது புதுச்சேரிக்காரனான எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கணக்கில் 66 என்பது எங்கள் சாலை. புதுச்சேரியில் கிளம்பித் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி போகும். எண் மாற்றியபோது புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வரை 32-க்குப் போனது, அதற்கு மேற்கே 77 ஆனது. 66 என்ற எண் மேற்குக் கடற்கரைக்குப் போய்விட்டது. பன்வேலில் தொடங்கி கோவா, மங்களூரு, கோழிக்கோடு வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடுகிறது. போகிற வழியில் அது தொட்டுச் செல்கிற சின்ன ஊர்களில் ஒன்று மாஹே. நான்கு துண்டாகக் கிடக்கும் எங்கள் ஒன்றியப் பகுதியின் மேற்குத் துண்டு! எண் எங்களை விட்டுப் போயும் எங்கள் வீட்டிலேயே ஓர் அறைக்குத்தான் போயிருக்கிறது.

இதிலிருந்து ஒரு கேள்வி பாருங்கள். 32 காரைக்கால் வழியாகப் போகிறது. 66 மாஹே வழியாக. ஆந்திரத்தில் காக்கிநாடாவிலிருந்து அமலாபுரம் போகும் 216, யானம் வழியாக. தமிழ்நாட்டை ஒட்டி ஒன்று, கேரளத்தை ஒட்டி ஒன்று, கோதாவரிக் கரையில் ஒன்று. "32, 66, 216 ஆகிய மூன்று தேசிய நெடுஞ்சாலைகளும் கடந்து செல்லும் ஒன்றியப் பகுதி எது?" இந்தக் கேள்விக்கு எண்களை மனப்பாடம் செய்தவன் தேவையில்லை. மூன்று வெவ்வேறு கடலோரத்துச் சாலைகளை எந்த ஒன்று இணைக்கும் என்று யோசிக்கிறவன் போதும். விடை சொன்ன பிறகு, மேடையில் இருப்பவர் ஏன் என்று இரண்டு வரி சொல்லலாம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த ஊர்கள் சிதறிக் கிடந்ததையும், 1954 நவம்பர் 1-இல் அவை இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்ததையும், 1962-இல் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டதையும் அந்த இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வீட்டில் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு வரலாற்றுப் பாடம் கிடைத்துவிடும்.

எங்கள் ஊரே ஒரு கேள்விதான். காலாப்பட்டு புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் நகரத்தோடு ஒட்டவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை அப்படி. சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் பஸ்ஸில் வருகிறவர் மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு, கீழ்ப்புத்துப்பட்டு வரை தமிழ்நாட்டில் வருவார். கனகசெட்டிகுளத்தில் புதுச்சேரிக்குள் நுழைவார். காலாப்பட்டு, பல்கலைக்கழகம், பிள்ளைச்சாவடி தாண்டியதும் பொம்மையார்பாளையத்தில் மறுபடி தமிழ்நாடு. முதலியார்சாவடிகள் இரண்டும் போய், கோட்டக்குப்பம் முடிந்து, முத்தியால்பேட்டையில் திரும்பவும் புதுச்சேரி. அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை எல்லையைக் கடந்துவிடுகிறார். எந்த இடத்திலும் பஸ் நிற்பதில்லை. கவனமாகப் பார்த்தால் கடைப் பலகைகள் சொல்லிவிடும். ஜி.எஸ்.டி. வரி எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாட்டுக் கடை, 34 என்றால் புதுச்சேரிக் கடை. பிரெஞ்சுக் காலத்தில் இந்த எல்லைகளில் சுங்கச் சோதனை இருந்தது. சாவடி என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் இந்தச் சாலையில் வரிசையாக வருகின்றன. வழிப்போக்கர் தங்குமிடமும் சாவடிதான், வரி வாங்கும் இடமும் சாவடிதான். டோல்கேட்டுக்குச் சுங்கச்சாவடி என்று இன்று எழுதிப் போட்டிருக்கிறார்களே, அந்தச் சொல் இந்தச் சாலையோரங்களில் பல தலைமுறையாக உட்கார்ந்திருக்கிறது.

"சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரி நகருக்குள் வருகிறவர் எல்லையை எத்தனை முறை கடப்பார்?" என்று கேளுங்கள். எங்கள் ஊரில் மீன் கூடையோடு பஸ் ஏறுகிற அம்மாவுக்கு இதன் விடை தெரியும். பட்டம் வாங்கிய பலருக்குத் தெரியாது. நெடுஞ்சாலைக் கேள்விகள்மேல் எனக்கு இவ்வளவு ஆசை இருப்பது இதனால்தான். பொது அறிவில் மற்றப் பகுதிகளெல்லாம் புத்தகம் வாங்க முடிந்தவர்களின் பக்கம் சாய்ந்திருக்கின்றன. நோபல் பரிசும் ஐ.நா. அமைப்புகளும் ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைக்கு வெளியூர். சாலை ஒன்றுதான் அவளுக்குச் சொந்த ஊர். அதிலும் அவளைத் தோற்க வைத்தால் எப்படி?

நீளத்தைக் கேட்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 44-இன் நீளத்தைப் புத்தகத்துக்குப் புத்தகம் ஒவ்வொரு விதமாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பைபாஸ் போட்டால் நீளம் மாறும், கிளையொன்று சேர்த்தால் மாறும். சாலை வளர்ந்துகொண்டிருக்கிற பொருள், அதை மூன்றாம் இலக்கம் வரை கேட்டு நான்கு விடை கொடுப்பது சரியில்லை. உயரமும் அப்படித்தான். லடாக்கின் கர்துங் லா கணவாயில் 18,380 அடி என்று ஒரு பலகை இருந்தது. உலகின் மிக உயரமான வாகனச் சாலை என்று நம் வழிகாட்டிகள் அத்தனையும் அந்த எண்ணை அச்சடித்தன. அளந்து பார்த்தால் 17,582 அடிதான். பிறகு எல்லைச் சாலை அமைப்பு உம்லிங் லாவில் 19,024 அடியில் சாலை போட்டு 2021-இல் கின்னஸ் சான்றிதழ் வாங்கியது. ஒரு பலகையில் எழுதியிருந்ததை நம்பி எத்தனை பேர் எத்தனை மேடையில் விடை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டுமென்றால் கேள்விக்குள் ஆண்டைப் போடுங்கள். "2021-இல் கின்னஸில் பதிவான" என்று மூன்று சொல் சேர்த்தால் அந்தக் கேள்வி என்றைக்கும் பொய்யாகாது.

வெளிநாட்டு வினாடி வினாக்களிலும் சாலை பிடித்தமான பொருள். அமெரிக்காவில் மாநிலங்களை இணைக்கிற நெடுஞ்சாலைத் திட்டம் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிந்தது. நம் தேசிய நெடுஞ்சாலைச் சட்டமும் அதே 1956 என்பது எனக்கு எப்போதும் வியப்பு. அவர்களுடைய எண் முறையும் திசையைச் சொல்லும், ஆனால் நமக்கு நேர் எதிர். வடக்கு தெற்குக்கு ஒற்றைப்படை, கிழக்கு மேற்குக்கு இரட்டைப்படை. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே மாநிலங்களுக்கு இடையே என்ற பொருள் இருக்கிறது. அப்படியிருக்க, பசிபிக் கடலின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளில் எச்-1 என்று அந்தத் திட்டச் சாலை எப்படி வந்தது? எந்த மாநிலத்தோடு இணைக்கிறது? இது அவர்களுடைய பழைய புதிர். அந்தப் பெயர் சாலை எங்கே போகிறது என்பதைக் குறிக்கவில்லை, எந்தத் திட்டத்தின் பணத்தில் போட்டது என்பதைக் குறிக்கிறது என்பதுதான் விடை. கேட்டதும் நெற்றி சுருங்கும், விடை வந்ததும் விரியும். நம்மிடம் அந்தமானின் 4 இருக்கிறதே, அதில் இதே சுவை இருக்கிறது.

நம் ஊர் விடுகதையை நினைத்துப் பாருங்கள். திண்ணையில் பாட்டி போடுகிற விடுகதையில் விடைக்கு வேண்டிய அத்தனையும் கேள்விக்குள்ளேயே இருக்கும். பள்ளிக்கூடம் போகாத பேரனும் அவிழ்க்கலாம். தோற்றாலும் அவமானம் இல்லை. "அட, இதுதானா!" என்று சிரிப்பு வரும். ஒரு எண்ணை மறந்து தோற்றவருக்கு அந்தச் சிரிப்பு வராது.

தமிழ்த் தொலைக்காட்சி இந்த மேடையை எளியவர்களுக்குத் திறந்து வைத்ததை நான் நன்றியோடு நினைக்கிறேன். 2000-இல் சன் டி.வி.யில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்' ஓடியபோது எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். 2012-இல் விஜய் டி.வி.யில் சூர்யா 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நடத்தினார். கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' பெண்களுக்கென்றே வந்தது. அதில் 2020 ஜனவரியில் மதுரையைச் சேர்ந்த கௌசல்யா கார்த்திகா ஒரு கோடி வென்றார். காது கேளாத, வாய் பேச இயலாத பெண். அன்றைய நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு என் வகுப்பில் மூன்று பெண்கள் புதிதாகச் சேர்ந்தார்கள். உங்கள் கேள்விகள் எவ்வளவு தூரம் போகின்றன என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அவ்வளவு தூரம் போகும் என்பதால்தான் இதையும் கேட்கிறேன். ஈ.சி.ஆர். எங்கள் ஊரை இரண்டாகப் பிளந்து ஓடுகிறது. ஒரு பக்கம் கடலும் குப்பங்களும், மறுபக்கம் வயலும் குடியிருப்புகளும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும், மீன் விற்கிற பெண்ணும், கல்லூரி மாணவரும் தினமும் அதைக் குறுக்கே கடக்கிறார்கள். இரவில் வேகமாக வருகிற கார்களின் சத்தத்தில் நாங்கள் விழித்துக்கொள்கிறோம், சத்தம் சட்டென்று நின்றால் எழுந்து வெளியே ஓடுகிறோம். அப்படி ஓடிய ஓர் இரவில், அடிபட்டுக் கிடந்தவரைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவரும் தொடவில்லை. தூக்கினால் போலீஸ் கேஸ், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் பின்வாங்கினார்கள். நானும் ஒரு நிமிடம் நின்றேன். அந்த ஒரு நிமிடத்தை இன்னும் நான் சுமக்கிறேன்.

விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இலேயே சட்ட வலு கொடுத்துவிட்டது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலும் அது சேர்ந்தது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வருகிறவரைப் பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. இதை ஒரு கேள்வியாக, ஐயாயிரம் ரூபாய்க் கட்டத்தில், நான்கு விடையோடு கேட்டுப் பாருங்கள். அரசு விளம்பரத்தில் வந்தால் ரிமோட்டை எடுக்கிறவர்கள், போட்டியாளர் திணறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். தப்பான விடை சொல்லி அவர் தோற்றால் இன்னும் ஆழமாக மனதில் நிற்கும். தேசிய நெடுஞ்சாலையில் உதவி கேட்டு அழைக்க வேண்டிய எண் 1033. நடுவில் விடாமல் ஓடுகிற கோட்டைத் தாண்டி முந்தக் கூடாது. மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை. கல்லின் நிறத்தைப் பல தடவை கேட்டுவிட்டீர்கள். 1033-ஐ இதுவரை நான் ஒரு திரையிலும் பார்க்கவில்லை. 2,369 என்ற எண்ணை முப்பது வருடம் சுமந்த நினைவில் 1033-க்கு இடம் இல்லாமலா போகும்?

என் பிள்ளைகள் தாங்களே சில கேள்விகள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் வரைபடத்தோடும் சாலைப் பலகையோடும் ஒத்துப் பார்த்தார்கள், ஓட்டுநர் வீட்டிலும் கேட்டுக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்று: "கிருஷ்ணகிரி மாம்பழம், நாமக்கல் முட்டை, திண்டுக்கல் பூட்டு, மதுரை மல்லி, கோவில்பட்டி கடலைமிட்டாய். இவை ஐந்தும் ஒரே தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் கிடைக்கும். எந்தச் சாலை?" 44 என்பது விடை. இந்தக் கேள்வியை வகுப்பில் வாசித்தபோது, எண் தெரியாத பிள்ளைகள்கூடச் சாலையை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள். ஓசூரில் கிளம்பி, சேலத்தில் டீ குடித்து, கரூர் தாண்டி, விருதுநகரில் புரோட்டா சாப்பிட்டு, திருநெல்வேலி வழியாகக் கன்னியாகுமரியில் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

கேள்வியை எழுதியது அந்த லாரி ஓட்டுநர் மகள்தான். அடுத்த முறை ஆள் தேர்வு நடக்கும்போது அவள் விண்ணப்பிக்கப் போகிறாள். நண்பருக்கு ஃபோன் செய்யும் வாய்ப்பு உங்கள் நிகழ்ச்சியில் இருந்தால் யார் எண்ணைக் கொடுப்பாய் என்று கேட்டேன். அப்பா எண்தான் என்றாள். ஒரே ஒரு சிக்கல், வண்டி ஓட்டும்போது அவர் ஃபோன் எடுப்பதே இல்லை. பகலில் பதிவு என்றால் ஒரு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். உளுந்தூர்ப்பேட்டைக்கு முன்னால் எங்காவது ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
காலாப்பட்டிலிருந்து உங்கள் நேயர் ஒருவர்